விமான ஓடுதளத்தில் பறந்த கார்கள்

தேவிகுளத்திலிருந்து மூணாறுக்கு ஜீப்பில் நெருக்கியடித்து இறங்குகிறவர்களுக்கு, வளைவில் பிரேக்கை மிதிக்கும் டிரைவரின் கால்தான் தெய்வம். அதே வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்காகக் கைக்காசைச் செலவழிக்கும் மனிதர்களும் உலகில் உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் இந்தப் பித்து தலைக்கேறியது. படையிலிருந்து திரும்பிய வாலிபர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, இன்ஜினுக்கு முறுக்கேற்றி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். 'ஹாட் ராட்' என்பது இவற்றின் பெயர். 'மிட்ஜெட்' என்ற ஒற்றை ஆள் குட்டிக் கார்கள் வட்டப் பாதையில் புழுதி பறக்கச் சுற்றின.

நம் பக்கத்தில் இதற்கு இடம் கொடுத்தது சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம். போர்க்கால விமான ஓடுதளம் போர் முடிந்தபின் சும்மா கிடந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. அந்நியக் கார் இறக்குமதி எட்டாக்கனியாக இருந்த காலம் அது. ஆகவே ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் என்று கைக்குக் கிடைத்ததைப் பிரித்து மேய்ந்தார்கள். கல்யாண ஊர்வலத்தில் ஆடி அசைந்து வந்த அம்பாசிடரா இது என்று பார்த்தவர்கள் வாய் பிளந்திருப்பார்கள்!

ஆனாலும் அது பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் விளையாட்டாகவே இருந்தது. அந்த வேலியைக் கொஞ்சம் தாழ்த்தியவர் கோயமுத்தூர் கரிவரதன். அவரும் தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளைதான். பந்தய வீரரான அவர், 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் இன்ஜினைப் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். 796 சி.சி. இன்ஜின், உதிரி பாகங்களுக்கு வெளிநாட்டுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே மாதிரிக் காரில் ஓடும்போது, யாருடைய பணப்பை கனமானது என்பதைவிட யாருடைய கை தேர்ந்தது என்பதே பேச்சாயிற்று. இதைத்தான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

சோழவரத்துக்குப் பின் 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நான்காவதாக வந்தார். டயர்த் தகராறில் மற்றவர்கள் விலகிவிட, அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் பிற்பாடு அமைந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.