இருவர் இருந்தால்தான் ஆட்டம்!

"வீடியோ கேம்" என்ற பேச்சை எடுத்தாலே நம்மில் பல பேருக்கு முகம் சுளிக்கிறது. சுட்டுத் தள்ளுவதும், காரோடு காரை மோதுவதும், தட்டில் சோறு ஆறிப்போவது தெரியாமல் பிள்ளை திரைக்கு முன்னால் சிலையாக உட்கார்ந்திருப்பதும்தானே நாம் கண்ட வீடியோ கேம்! அந்தச் சுளிப்பைச் சற்று நேரம் ஒத்திப் போட்டுவிட்டு மேலே படியுங்கள், சகோதரிகளே. புருஷனும் பெண்சாதியும் சண்டை முற்றி விவாகரத்து வரைக்கும் போன கதையை ஒரு வீடியோ விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். "இட் டேக்ஸ் டூ" என்று பெயர். அதாவது, இதற்கு இரண்டு பேர் வேண்டும். பெயரளவில் மட்டுமல்ல, நிஜமாகவே வேண்டும். தனி ஆளாக உட்கார்ந்து இதை ஆடவே முடியாது!

ஸ்வீடன் தேசத்தின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உள்ள ஹேஸ்லைட் என்ற ஸ்டூடியோ இதைத் தயாரித்தது; 2021 மார்ச்சில் வெளிவந்தது. தலைமை வகித்தவர் ஜோசப் ஃபாரெஸ். இவர் லெபனானில் பிறந்தவர். அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் சிறு பையனாகக் குடும்பத்தோடு ஸ்வீடனுக்கு வந்து சேர்ந்தார். முதலில் சினிமா டைரக்டர். பிறகுதான் விளையாட்டுகளின் பக்கம் திரும்பினார். அதனால்தானோ என்னவோ, இதில் கதை சொல்லும் கை நன்றாகத் தெரிகிறது. அந்த வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த "கேம் அவார்ட்ஸ்" விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் இதற்கே கிடைத்தது.

கதை இதுதான். மே என்பவள் என்ஜினீயர். எப்போதும் ஆபீஸ், எப்போதும் வேலை. அவள் புருஷன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். அவன் பெயர் கோடி. (பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், கையில் பணம் கிடையாது. ஆனால் விளையாட்டு 2023 தொடக்கத்திலேயே ஒரு கோடி பிரதிகள் விற்றுவிட்டது!) "வீட்டு வேலை முழுதும் என் தலையில்" என்கிறான் அவன். "சம்பாதிக்கிற கவலை முழுதும் என் தலையில்" என்கிறாள் அவள். நாம் கேட்டுப் பழகிய வசனங்கள்தாம். ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

பிரியப் போகிறோம் என்று மகள் ரோஸிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழந்தை கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போய், தான் செய்த இரண்டு பொம்மைகளை வைத்துக்கொண்டு அழுகிறது. கண்ணீர் பொம்மைகளின் மேல் விழுகிறது. அவ்வளவுதான், அப்பா ஒரு களிமண் பொம்மையாகவும் அம்மா ஒரு மரப் பொம்மையாகவும் மாறிவிடுகிறார்கள்! மனித உருவம் திரும்ப வேண்டுமானால் இருவரும் ஒற்றுமையாக வீட்டைக் கடந்து குழந்தையிடம் போய்ச் சேர வேண்டும். விரல் நீளப் பொம்மைக்குச் சொந்த வீடே காடும் மலையுமாகிவிடுகிறது. ரிப்பேர் செய்யாமல் மூலையில் போட்ட வாக்குவம் கிளீனர், "என்னை மறந்தாயே!" என்று அரக்கனைப் போல எதிரே வந்து நிற்கிறது. மரத்துக்குள் அணில்கள் படை திரட்டிக் குளவிகளோடு யுத்தம் செய்கின்றன.

இதில் ஒற்றுமையை உபதேசமாகச் சொல்லாமல் கைவேலையாகவே வைத்திருக்கிறார்கள். கொட்டகையில் அவனிடம் ஆணி, அவளிடம் சுத்தியல். அவன் ஆணியைச் சுவரில் எறிந்து பதித்தால்தான், அவள் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கி அந்தப் பக்கம் தாண்ட முடியும். அவள் தாண்டிப் போய் வழி திறந்தால்தான் அவனால் நகர முடியும். மரத்துக்குள் போனால் அவன் பிசினைப் பீச்சுவான், அவள் தீக்குச்சியால் பற்ற வைப்பாள். கடிகாரத்துக்குள் காலத்தை முன்னும் பின்னும் ஓட்டும் சக்தி அவனுக்கு. தன்னைப் போலவே இன்னொருத்தியை நிறுத்தி வைக்கும் சக்தி அவளுக்கு. (ஆபீஸுக்கு ஒருத்தி, வீட்டுக்கு ஒருத்தி! நமக்கும் அப்படி ஒரு சக்தி இருந்தால்?) ஒரு வித்தை பழகிய அத்தியாயத்தோடு தீர்ந்துவிடுகிறது, அடுத்ததில் புதிதாகத் தொடங்க வேண்டும். அதனால் பன்னிரண்டு, பதினான்கு மணி நேர ஆட்டத்தில் சலிப்பு தட்டுவதில்லை.

திரை நடுவில் பிளந்து, ஆளுக்குப் பாதி. உங்கள் கஷ்டம் அவருக்குத் தெரியும்; அவர் தூங்குவது உங்களுக்குத் தெரியும். "இப்போது எறியுங்கள்!", "கொஞ்சம் பொறு!", "நான் சொன்ன பிறகு குதி!" என்று வாய் ஓயாமல் பேசித்தான் ஆக வேண்டும். மௌன விரதம் அனுஷ்டிக்கும் கணவன்மார்கள் இங்கே தப்ப முடியாது!

இனி, பாராட்ட முடியாத பகுதிக்கு வருகிறேன். ரோஸின் அறையில் க்யூட்டி என்ற பஞ்சு யானை ஒன்று இருக்கிறது. பொம்மைகளின் அரண்மனையில் அது மகாராணி, குழந்தைக்கு உயிர். கண்ணீரால் வந்த சாபம் கண்ணீரால்தான் தீரும் என்று இந்தத் தம்பதிக்கு ஒரு நினைப்பு. ஆகையால் குழந்தையை அழ வைக்க, அதன் செல்ல யானையை உடைத்துவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். யானை இவர்களை அன்போடு வரவேற்கிறது. விஷயம் புரிந்ததும் கெஞ்சுகிறது. இருவரும் அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். வழியில் காது கிழிகிறது, கால் பிய்கிறது. கடைசியில் உயரத்திலிருந்து கீழே தள்ளிவிடுகிறார்கள்.

இதைச் சினிமாவைப் போலப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் விசேஷம். நீங்களும் உங்கள் ஜோடியும் பொத்தானை அழுத்தி இழுத்தால்தான் யானை நகரும். இழுக்காவிட்டால் கதை நகராது. அதுவரை சிரித்து விளையாடிய இருவரும் அந்த இடத்தில் பேச்சற்றுப் போகிறார்கள். யானையைத் தேடி எடுத்த குழந்தை அழுகிறது, கண்ணீர் அப்பா அம்மாவின் மேல் கொட்டுகிறது, சாபமோ தீரவில்லை. தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொள்கிற மும்முரத்தில் பெற்றவர்கள் குழந்தையின் மனத்தில் எதை மிதிக்கிறோம் என்று பாராமல் நடப்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன விளையாட்டு வேறு உண்டா என்பது சந்தேகம்தான். அந்த மட்டில் ஃபாரெஸை மெச்ச வேண்டும். ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே அந்த இருவரும் பழையபடி கேலியும் சண்டையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். செய்ததை நினைத்து உருகவே இல்லை! இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய வைத்துவிட்டு அதைச் சுலபமாகக் கடந்து போனது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு குறை, டாக்டர் ஹக்கீம் என்ற பேசும் புத்தகம். தாம்பத்தியத்தைச் செப்பனிடுகிறேன் பேர்வழி என்று துள்ளித் துள்ளி வந்து உபதேசம் செய்கிறது. முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். அது அரை மணி நேரம் பேசித் தராததை ஆணியும் சுத்தியலும் ஐந்து நிமிஷத்தில் தந்துவிடுகின்றன. ஆயினும் அவன் மறந்த தோட்டக் கலையையும் அவள் கைவிட்ட பாட்டையும் திரும்ப எடுக்கும் கடைசி இரண்டு அத்தியாயங்கள் உள்ளத்தைத் தொடுகின்றன. முடிவில் தம்பதி சேர்ந்தார்களா, பிரிந்தார்களா? அதை ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 12 வயது, அமெரிக்காவில் 13 என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். வண்ணப் பொம்மைகளைப் பார்த்துவிட்டு ஆறு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். அந்த யானை பல நாள் கனவில் வரும். வீட்டில் ஏற்கெனவே மனஸ்தாபம் நடக்கிறது என்றால், பெரிய பிள்ளையானாலும் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து ஆடுங்கள்.

வீடியோ கேமே தொட்டறியாதவர்கள் முதல் நாள் கொஞ்சம் தவிக்க நேரும். இடது கட்டை விரலால் நடக்க வேண்டும், வலது கட்டை விரலால் பார்வையைத் திருப்ப வேண்டும். அதற்குள் பொம்மை பள்ளத்தில் விழுந்திருக்கும். பயமில்லை. பொத்தானை வேகமாகத் தட்டினால் மறுபடி எழுந்துவிடும். பெரிய சண்டைகளில் மட்டும், இருவரும் ஒரே சமயத்தில் விழுந்தால் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் எழும் வரை மற்றவர் சமாளித்தால் போதும். வழியில் கயிறு இழுத்தல், சதுரங்கம் என்று சுமார் இருபத்தைந்து சின்னப் போட்டிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் மட்டும் ஒற்றுமை கிடையாது, யார் ஜெயிப்பது என்பதுதான் பேச்சு!

செலவு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஒரே வீட்டில் ஆடினால் ஒரு பிரதியும் இரண்டு கண்ட்ரோலரும் போதும். தங்கை வெளியூரில் இருந்தால், "ஃப்ரெண்ட்ஸ் பாஸ்" என்ற ஏற்பாட்டில் அவள் காசில்லாமல் இறக்கிக்கொண்டு இன்டர்நெட் வழியாக உங்களோடு ஆடலாம்; இருவரில் ஒருவர் வாங்கியிருந்தால் சரி. மே யார், கோடி யார் என்பதைத் தொடங்கும்போதே தேர்ந்தெடுக்கலாம். பெண் மேயாகத்தான் ஆட வேண்டும் என்று சட்டமில்லை. உங்கள் வீட்டுக்காரரை மேயாக ஆட விட்டு, ஆபீஸிலிருந்து வந்து வாங்கிக் கட்டிக்கொள்வதை அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டுமே!