அருணா ஜெகதீசன் ஆணையம்

அருணா ஜெகதீசன் ஆணையம் என்பது, 2018 மே மாதம் தூத்துக்குடியில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டை விசாரிக்கத் தமிழ்நாடு அரசு அமைத்த ஒரு நபர் ஆணையமாகும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் விசாரணையை நடத்தினார்.

பின்னணி

தூத்துக்குடியில் இயங்கிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை சுற்றுச்சூழலை மாசுபடுத்துவதாகக் கூறி, அதனை மூடக் கோரி மக்கள் போராடி வந்தனர். போராட்டத்தின் 100-ஆம் நாளான மே 22, 2018 அன்று பெருந்திரளானோர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றனர். அப்பேரணியில் வன்முறை மூண்டதைத் தொடர்ந்து காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. இதனை எதிர்த்த ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

சட்ட நிலை

சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பற்றி, அப்போது நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கூறியது. கலைந்து செல்லும்படி ஆணையிட்டும் கலையாத கூட்டத்தைப் பலம் கொண்டு கலைக்கலாம் என்பது அதன் சாரம். துப்பாக்கியை எப்போது, எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை அப்பிரிவு வரையறுக்கவில்லை. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, இறுதியாகத் துப்பாக்கிச் சூடு என்னும் படிநிலைகள் காவல்துறையின் நிலையாணைகளைச் சார்ந்தவை. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உயிர் பறிக்கும் வகையில் சுடலாம் என ஐக்கிய நாடுகள் அவையின் 1990-ஆம் ஆண்டு அடிப்படைக் கொள்கைகள் கூறுகின்றன.

அறிக்கை

ஆணையம் மே 14, 2021 அன்று இடைக்கால அறிக்கையையும், மே 18, 2022 அன்று இறுதி அறிக்கையையும் முதலமைச்சரிடம் அளித்தது. இறுதி அறிக்கை அக்டோபர் 18, 2022 அன்று சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. அதன் முக்கிய முடிவுகளும் பரிந்துரைகளும்:

* காவல்துறையினர் வரம்பு மீறிச் செயல்பட்டனர்.
* தப்பி ஓடியவர்களை நோக்கியும் சுடப்பட்டது.
* காவல்துறையினர் 17 பேர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.
* உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும்.

ஆணையத்தின் வரம்பு

1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, ஆணையம் சாட்சிகளை அழைத்து விசாரிக்கலாம். ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். எவரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. எனவே குற்றப் பொறுப்பை முடிவு செய்வது நீதிமன்றங்களின் பணியாகும். இந்நிகழ்வு குறித்த வழக்குகளை நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் ஒப்படைக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஆகத்தில் உத்தரவிட்டது.