கிளிமீன் செய்கிற வேலை

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு சிங்க்கில் ஒரு கைப்பிடி பச்சைப் பாசி கிடக்கும். பிழிந்தால் உள்ளங்கை நிறையும். மணம் ராமேஸ்வரம் கரையில் வரும் அதே மணம். "மீனுக்குன்னு தொட்டி வாங்கினே, பாசிதான்டா வளக்குறே" என்பார் அம்மா. கிண்டலாகச் சொன்னாலும் உண்மை அதுதான். 200 லிட்டர் உப்புநீரில் வாழும் நான்கைந்து மீன்களை நான் காப்பாற்றவில்லை. தொட்டிக்குப் பின்னால் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் வலையில் முளைக்கிற பாசிதான் காப்பாற்றுகிறது. என் வேலை அதை வாரம் ஒருமுறை சுரண்டி எறிவது.

எதற்காகச் சுரண்ட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 1 கிராம் தீனி போடுகிறேன். அதில் 45 சதவீதம் புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 72 மில்லிகிராம் நைட்ரஜன் தினமும் தண்ணீருக்குள் இறங்குகிறது. மீன் தின்று, செவுள் வழியாக அதை அம்மோனியாவாக வெளியே விடும். கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். விஷம் குறைந்தது, சரி. ஆனால் நைட்ரஜன் எங்கும் போகவில்லை, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டது. அந்த 72 மில்லிகிராம் முழுதும் நைட்ரேட்டானால் 320 மில்லிகிராம். 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 1.6. ஒரு வாரத்தில் 11 ஏறிவிடும். பவளத்திட்டைச் சுற்றியுள்ள தெளிந்த கடலில் நைட்ரேட் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இருக்காது.

தண்ணீரை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். வாரம் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். வாரம் 11 வரவு, ஐந்தில் ஒன்று செலவு என்றால் அளவு ஏறி ஏறி 50-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதற்கே வாரம் 40 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கடல் உப்புக் கலவையும் வேண்டும். அந்த உப்பு விற்கும் விலையில் இது கட்டுப்படியாகாத பழக்கம். பாஸ்பேட்டும் இதே வழியில் சேரும். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி, கல், குழாய் என்று எல்லா இடத்திலும் நூல்பாசி படரும். மெரைன் டேங்க் வைத்த பலர் அந்தக் கட்டத்தில்தான் தொட்டியை விற்கிறார்கள்.

பாசி வந்தே தீரும் என்றால் அது வளர வேண்டிய இடத்தை நாமே ஒதுக்கிக் கொடுத்துவிடலாமே என்று யோசித்தவர் வால்டர் ஏடி. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பாசி ஆய்வாளர். கரீபியன் பவளத்திட்டுகளில் அவர் கவனித்தது, பாறைமேல் சில மில்லிமீட்டர் உயரமே இருக்கும் ஒரு பாசிப் புல்வெளி. பார்த்தால் பாறையில் ஒட்டிய அழுக்கு போலத்தான் தெரியும். ஆனால் பவளத்திட்டின் உணவு உற்பத்தியில் பெரும்பங்கு அதனுடையது. அது ஏன் உயரமாக வளர்வதில்லை? கிளிமீனும் அதன் கூட்டாளிகளும் விடாமல் மேய்கின்றன. கிளிமீனின் பற்கள் ஒட்டி அலகாகவே மாறியிருக்கும். பாறையைக் கரண்டும் ஓசை முங்குளிப்பவர் காதில் விழும். மேயமேயப் பாசி இளசாகவே இருக்கிறது, இளசாக இருப்பதால் வேகமாக வளர்கிறது. அடுத்தது அலை. அது வந்து வந்து போவதால் பாசியைச் சுற்றித் தேங்கும் மெல்லிய நீர்ப்படலம் கிழிந்து, புதிய சத்து இழையைத் தொடுகிறது.

இந்த இரண்டையும் இயந்திரமாக்கினார் ஏடி. ஒரு தட்டில் வலை, அதன்மேல் விளக்கு, நிரம்பி நிரம்பிக் கவிழும் ஒரு வாளி. வாளி அலையின் வேலையைச் செய்தது; மனிதன் கையிலிருந்த சுரண்டி கிளிமீனுக்குப் பதில். 1982-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பெயர் 'ஆல்கல் டர்ஃப் ஸ்க்ரப்பர்'. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-இல் திறந்த பெரும் பவளக் காட்சியகம் தொடக்கத்தில் இதை நம்பித்தான் ஓடியது. அரிசோனா பாலைவனத்தில் 1991-இல் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகள் அடைபட்டு வாழ்ந்த 'பயோஸ்பியர் 2' கண்ணாடி உலகில் ஒரு குட்டிக் கடல் இருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் இதே பாசித் தட்டுகள்தான். உள்ளே இருந்தவர்களின் அன்றாட வேலைப் பட்டியலில் பாசி சுரண்டுவதும் ஒன்று. பால்டிமோர் துறைமுகத்தில் வளைகுடா நீரைச் சுத்தப்படுத்தவும் இந்த முறை பின்னாளில் போனது. அது வேறு கதை.

வீட்டுத் தொட்டிக்குக் கவிழும் வாளி ஒத்துவராது. இரவு முழுக்கச் சத்தம், சுவரெல்லாம் உப்புச் சாரல். 2008-ஐ ஒட்டி ஆர்வலர்களிடையே பரவிய எளிய வடிவம் அருவி. மேலே ஒரு குழாய், குழாயின் அடிவயிற்றில் நீளமான ஒரு பிளவு, பிளவுக்குள் செருகித் தொங்கும் வலை. தண்ணீர் இரு பக்கமும் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும், இரு பக்கமும் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

செய்வது கடினமில்லை. செய்யும்போது பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். முக்கால் இஞ்ச் பி.வி.சி. குழாயில் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் பிளவு போட்டுக்கொண்டிருந்தேன். வேறு வேலையாக வந்த பிளம்பர் நின்று பார்த்துவிட்டு, "லீக் ஆகாம இருக்கத்தான் சார் நாங்க பாடுபடுறோம்" என்றார். வலைக்கு, கம்பளி நூலில் பர்ஸ் பின்னப் பயன்படுத்தும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட் போதும். கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும். அதை அப்படியே தொங்கவிட்டால் பாசி பிடித்தும் நிற்காது, வழுக்கி விழுந்துவிடும். ஹேக்ஸா பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தடவினால் கை சிராய்க்கும் அளவுக்குச் சொரசொரப்பாக்க வேண்டும். முதல் முறை நான் சோம்பல்பட்டு லேசாகக் கீறினேன். மூன்றாம் வாரம் ஒரு பாய் போல மொத்தப் பாசியும் கழன்று மோட்டாரை அடைத்தது.

தண்ணீர் தாராளமாக ஓட வேண்டும். வலையின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 50 லிட்டர் என்பது ஆர்வலர்களின் கைக்கணக்கு. 25 சென்டிமீட்டருக்கு 1,250 லிட்டர். அதற்காகப் பெட்டியில் 1,250 என்று அச்சிட்ட மோட்டாரை வாங்கிவிடக் கூடாது. அந்த எண் தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. கீழ்த்தொட்டியான சம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் ஏற்றினால் பல சிறிய மோட்டார்கள் பாதிதான் கொடுக்கும்.

விளக்கு சிவப்பாக இருக்கட்டும். 660 நானோமீட்டர் என்று குறித்த செடி வளர்ப்பு எல்.ஈ.டி., பச்சையம் விரும்பி உறிஞ்சும் நிறம். நாளுக்கு 16 முதல் 18 மணி நேரம். தொட்டி விளக்கு அணைந்த பிறகு இது எரிவது நல்லது. இரவில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை விடுவதால் பி.எச். இறங்கும், விழித்திருக்கும் பாசி அதை எடுத்துக்கொண்டு இறக்கத்தைக் கட்டுப்படுத்தும். விளக்குக்கும் வலைக்கும் நடுவே ஓர் அக்ரிலிக் தகடு அவசியம். உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் ஒரு வாரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், மறுவாரம் ஒயர் முனையைத் தின்னும். மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் இதை மாட்டவே மாட்டாதீர்கள். கையை ஈரத்தில் வைத்துக்கொண்டு செய்கிற பொழுதுபோக்கு இது.

வலை எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்? தொட்டியின் லிட்டரைப் பார்த்து அளவு சொல்வது பழைய வழக்கம். அது தவறு என்பது என் கருத்து. இரண்டு மீன் உள்ள 500 லிட்டரைவிட, பத்து மீன் உள்ள 100 லிட்டருக்குப் பெரிய வலை தேவை. பார்க்க வேண்டியது தீனியை. உலர்ந்த பாசியின் எடையில் சுமார் 3 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால், என் 72 மில்லிகிராமைப் பிடிக்க நாளுக்கு 2.4 கிராம் உலர் பாசி முளைக்க வேண்டும். நன்றாக வளரும் பாசிப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 20 கிராம்வரை தரும். 25-க்கு 25 சென்டிமீட்டர் வலையில் இரு பக்கமும் சேர்த்தால் எட்டில் ஒரு சதுர மீட்டர், அதாவது 2.5 கிராம். இழுத்துப் பிடித்தால் சரியாக இருக்கும், ஒரு மீன் கூடினால் போதாது. என் ஆசைக்கு இந்தக் கணக்குதான் கடிவாளம்.

மாட்டிய மறுநாளே பச்சையை எதிர்பார்க்க வேண்டாம். முதலில் பழுப்புச் சளி வரும், டயட்டம் என்ற நுண்பாசி. பிறகு தார் பூசியது போல ஒரு கருமை வரலாம். தண்ணீரில் சத்து மிகுதி, வெளிச்சம் போதவில்லை என்று அதற்குப் பொருள். சில வாரங்களில் சத்து இறங்க இறங்கப் பச்சை இழை தலைகாட்டும். மஞ்சளாக, ரப்பர் போல வந்தால் பெரும்பாலும் எதிர்க் கோளாறு: வெளிச்சம் அதிகம், சத்து குறைவு, விளக்கு நேரத்தைக் குறைத்தால் சரியாகும். மருத்துவருக்கு நாக்கைக் காட்டுவது போல இந்த வலை தொட்டியின் உடல்நிலையைக் காட்டிவிடும். டெஸ்ட் கிட்டைவிட அதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பாசி பெருத்துக்கிடக்க, நைட்ரேட் பூஜ்யம் என்று கிட் சொன்னாலும் சத்து உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. கிட்டுக்கு முன் பாசி அதைத் தின்றுவிடுகிறது.

இனி சுரண்டல். 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. தள்ளிப்போட்டால் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்கு வெளிச்சம் மறைக்கும். அடியில் உள்ளது அழுகி, பிடி விட்டு, வாரக்கணக்கில் சேர்த்ததை ஒரே இரவில் தண்ணீருக்கே திருப்பித் தரும். வலையைக் கழற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் வழித்தால் போதும். வெள்ளை வலை பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பது தப்பு. அடிக்கட்டை இருந்தால்தான் நாளைக்கே துளிர்க்கும். கழுவுவது குழாய்த் தண்ணீரில். பாசிக்குள் குடியேறிப் பச்சையை மேயும் கடுகளவு ஓட்டுயிரிகள் நன்னீர் பட்டால் செத்துவிடும். அவை மீனுக்கு நல்ல தீனி என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அதனால் முதலில் ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் வலையை அலசி, உதிர்ந்ததைத் தொட்டியிலேயே ஊற்றிவிடுகிறேன். பிறகுதான் குழாய்.

குறை இல்லாத கருவி இல்லை. பாசி கசியவிடும் பொருள்களால் தண்ணீர் நாளடைவில் லேசாக மஞ்சளிக்கும். பெரிய காட்சியகங்களில் இந்த முறைமேல் சொல்லப்பட்ட முக்கியப் புகார் இதுதான். ஒரு பை கரித்தூள் வடிகட்டி அதைச் சரிசெய்யும். மின்வெட்டு இன்னொன்று. எங்கள் பகுதியில் கோடையில் மூன்று மணி நேரம் போனது. அருவி நின்று, வலை அப்பளமாகக் காய்ந்துவிட்டது. மறுபடி பச்சை வரப் பத்து நாள் ஆயிற்று. இப்போது மோட்டார் இன்வெர்ட்டரில், விளக்கு மட்டும் வெளியே.

என் தொட்டியில் பவளம் கிடையாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் புலிக்குச் சமமாக இருக்கின்றன. கடலில் எடுத்ததை வாங்குவது குற்றம். ஜோடிக் கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அதே மண்டபத்துக்கு எதிரே குருசடைத் தீவில், வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி பவளத்தின்மேல் படர்ந்து அதை மூடியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வலையில் இருந்தால் துப்புரவு, பவளத்தின்மேல் ஏறினால் போர்வை.

சுரண்டிய பாசியை மீனுக்கே போடலாம், ஆனால் வெளியே எடுத்த நைட்ரஜன் உள்ளே திரும்பிவிடும். கடலோரத்தில் தென்னைக்குக் கடற்பாசியை உரமாகப் போடுவார்கள். நான் இரண்டு முறை கழுவி, பிழிந்து, எதிர்வீட்டுத் தென்னையின் அடியில் கொட்டிவிட்டு வருகிறேன். போன வாரம் தராசில் வைத்துப் பார்த்தேன்: பிழிந்த எடை 160 கிராம். உலர் எடைக் கணக்கை ஈர எடையாக மாற்றினால் 170 வந்திருக்க வேண்டும். பழுப்பு ஏறிய ஓரத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை போலிருக்கிறது. விளக்கை ஒரு விரற்கடை தள்ளி மாட்டியிருக்கிறேன்.