தலையும் காலும்

நொய்யலாற்றங்கரையில் விளங்கும் திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரமாகும். அந்நகரின் பனியன் ஆலைகளிலும், சுற்றுப்புறத்து நூற்பாலைகளிலும் ஆடவரும் பெண்டிரும் பல்லாயிரவர் உழைக்கின்றனர். நூற்பாலைகளில் இரவிலும் வேலை நடைபெறும். இத்தகைய உழைப்பாளர்க்கு நல்லுறக்கமே பெருஞ்செல்வம். அச்செல்வத்தைக் கவரும் நோய்கள் இரண்டனை ஈண்டு அறிவோம்.

ஒன்று ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் துடித்துத் துடித்து வலிக்கும், குமட்டல் தோன்றும், ஒளியையும் ஓசையையும் பொறுத்தல் அரிதாகும். மற்றொன்று அமைதியற்ற கால் நோய். இரவில் ஓய்ந்து படுத்த அளவில், கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற உணர்ச்சி எழும். காலை அசைத்தாலன்றி, எழுந்து நடந்தாலன்றி அது தணியாது. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-ஆம் ஆண்டிலேயே இதனைக் குறித்து எழுதினார். சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் 1945-இல் இதனை விரிவாக ஆராய்ந்து பெயரும் இட்டார்.

தலை எங்கே, கால் எங்கே? இவ்விரு நோய்க்கும் தொடர்பு உண்டோ எனின், உண்டு. ஒற்றைத் தலைவலி உடையாரிடத்துக் கால் நோய் பிறரினும் மிகுதியாகக் காணப்படுகிறது. மூளையில் செய்தி கடத்தும் பொருள்களுள் டோப்பமின் என்பது ஒன்று. அதன் செயற்பாடு பிறழ்தல் இரு நோய்க்கும் பொதுவாகலாம் என்று மருத்துவ அறிஞர் கருதுகின்றனர். டோப்பமின் உண்டாவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. அச்சத்துக் குறைந்தால் கால் நோய் மிகும்; கால் நோய் மிகுந்தால் உறக்கம் கெடும்; உறக்கம் கெட்டால் ஒற்றைத் தலைவலி தாக்கும்.

நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர் என 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அச்சோகைக்குப் பெருங்காரணம் இரும்புச்சத்துக் குறைவே. ஆகவே, உழைக்கும் மகளிர் இதனைப் புறக்கணித்தல் ஆகாது.

கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி அடிக்கடி உண்பவர்க்கு, அம்மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். குமட்டலை அடக்கும் மருந்துகளுள் சில, கால் நோயை மிகுவிக்கும். ஆதலின், மருத்துவரிடம் செல்வோர் தலையின் துன்பத்தையும் காலின் துன்பத்தையும் சேர்த்தே உரைத்தல் வேண்டும். அவர் இரத்தத்தை ஆய்ந்து, தக்கது கூறுவார். கீரையும் பயறும் எள்ளும் இரும்புச்சத்துத் தருவன. நெல்லிக்கனியும் எலுமிச்சையும் அச்சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும்; உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும்.

மாணவர்களே! ஆலையிலிருந்து திரும்பிய தாயோ தமக்கையோ உறங்க இயலாது காலை உதறி எழுந்தால், வீண் பழக்கம் என்று எள்ளாதீர்கள். நோயின் முதற்காரணத்தை நாடவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி நின்று, அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் உங்கள் கடமையாகும்.