இணையவழிப் பாடம்: ஸ்கிரீன் ரீடர் எங்கே தடுக்கி நிற்கிறது?

கல்லூரி மாணவர் ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களில் 40 சதவீதம் வரை ‘ஸ்வயம்’ தளத்தில் இணையவழியாகப் படித்து கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. பார்வையற்ற மாணவருக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதல் வசதி. பேருந்து மாறிப் போக வேண்டாம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டாம். ஆனால், அந்த வசதி அவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பாடத்தைத் தயாரித்தவர் தன் கோப்பை எப்படி உருவாக்கினார் என்பதில் இருக்கிறது.

ஸ்கிரீன் ரீடர், திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள். ‘ஜாஸ்’ பழையது, விலை அதிகம். ‘என்விடிஏ’ இலவசம், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிவைத்தது, தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’ இருக்கிறது.

வாசிப்பது மட்டுமே இவற்றின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணால் படிப்பவர் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறார். காதால் படிப்பவர் அதையே விசைப்பலகையில் செய்கிறார். என்விடிஏவில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, பி தட்டினால் அடுத்த பட்டன், டி தட்டினால் அடுத்த அட்டவணை. இதற்குத் தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வேர்டில் ‘ஹெடிங்’ ஸ்டைல் போடாமல் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால், கண்ணுக்குத்தான் அது தலைப்பு. மென்பொருளுக்கு அது இன்னொரு வரி. நீண்ட பாடக்குறிப்பில் நான்காவது அலகு வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். பெயர் வைக்காத பட்டன்கள் இன்னும் மோசம். ஐந்து இருந்தால் ஐந்தும் “பட்டன்” என்றே ஒலிக்கும். எது விடையைச் சமர்ப்பிக்கும், எது அழிக்கும் என்று அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்வழிப் பாடங்களில் இன்னொரு வினை சேர்ந்துகொள்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பாடக்குறிப்புகள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். புறநானூற்றுக்கு எழுதிய உரை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் காதில் கொட்டும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றாமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை ஸ்கேன் செய்து அப்படியே பிடிஎஃப் ஆக்கினால், அதில் எழுத்தே இருக்காது, வெறும் படம்தான். எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுத்தாலும் பிழைதிருத்த ஒரு ஆள் வேண்டும்.

கணக்குக்கு வருவோம். சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் “படம்” என்ற சொல்லோடு சரி. சாதாரண எழுத்தாகப் போட்டால் எக்ஸின் வர்க்கம் “எக்ஸ் இரண்டு” ஆகிவிடலாம். ஏ, பி இரண்டையும் கூட்டி சியால் வகுக்க வேண்டுமா, பியை மட்டும் வகுக்க வேண்டுமா என்பது பின்னக்கோட்டின் நீளத்தில் இருக்கிறது. அந்த நீளம் குரலில் வராது. இதற்கு வழி பழையதுதான்: இணையத்தில் சமன்பாடுகளைக் குறிக்கும் ‘மேத்எம்எல்’ 1998இலேயே வந்துவிட்டது. அதில் எழுதினால் பின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லும்; அம்பு விசைகளால் தொகுதிக்குள்ளும் பகுதிக்குள்ளும் தனித்தனியே போய்ப் பார்க்கலாம்.

வீடியோ பாடம் என்றால் காதால் கேட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால், “இதை இங்கே கொண்டுவந்தால் இது வந்துவிடும்” என்று ஆசிரியர் டிஜிட்டல் பேனாவால் காட்டிக்கொண்டே போனால், ‘இது’ எது என்று கேட்பவருக்குத் தெரியாது. எழுதுவதைச் சொல்லிக்கொண்டே எழுதினால் போதும். செலவு இல்லை.

தேர்வில் சிக்கல் கூர்மையாகிறது. விடைகளை மவுஸால் இழுத்துப் பொருத்தும் கேள்வி, விசைப்பலகைக்கு மசியாத நேரக்கடிகாரம், முகத்தைக் கேமராவின் நடுவிலேயே வைத்திருக்கச் சொல்லும் கண்காணிப்பு மென்பொருள். பாடம் தெரிந்தவரும் இங்கே மதிப்பெண் இழப்பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42, மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மானியக் குழு 2022இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அணுகல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வழிகாட்டுதல் என்ற சொல்லில்தான் ஓட்டை. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிடித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது, அதன் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15(1) வெறும் பரிந்துரையாக நிற்கிறது என்று கூறி அந்த விதியைச் செல்லாததாக்கியது. மூன்று மாதத்தில் கட்டாயத் தரங்களைத் தனியே பிரித்து வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30இல் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் வங்கி கேஒய்சி நடைமுறை தொடர்பான வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது.

கட்டாயம் என்றால் கல்லூரிகள் இணையப் பாடங்களையே எடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பொதுவெளியில் வைத்திருந்த 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளி விரிவுரைகளை 2017 மார்ச்சில் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கியது. காது கேளாதோர் சங்கத்தின் புகாரை விசாரித்த அமெரிக்க அரசின் நீதித் துறை, அவை அணுகத்தக்கவையாக இல்லை என்று சொன்னதன் தொடர்ச்சி அது. நஷ்டம் எல்லோருக்கும்தான். ஆனால், வருடக்கணக்கில் சப்டைட்டில் இல்லாமல் ஏற்றிக்கொண்டே போனதுதான் கடைசியில் மலைபோன்ற செலவாக நின்றது. ஏற்றும்போதே செய்திருந்தால் அத்தனை பெரிதாகச் சேர்ந்திருக்காது. 2022இல் அதே பல்கலைக்கழகம் நீதித் துறையோடு உடன்பாட்டுக்கு வந்தது.

கல்லூரிகள் வெளியிலிருந்து வாங்கும் தளங்களில் அணுகல் இன்னும் கவனிக்கப்படுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் சமுதாயக் கல்லூரிகள் மீது பார்வையற்ற மாணவர்கள் 2017இல் தொடுத்த வழக்கில் அடிபட்டவற்றில் அப்படி வாங்கிய கணக்குப் பயிற்சித் தளமும் இருந்தது. கொள்முதல் குழு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மவுஸைக் கழற்றிவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, என்விடிஏவின் துணையோடு உள்ளே நுழைவதிலிருந்து விடையைச் சமர்ப்பிப்பதுவரை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். தங்கள் கல்லூரியிலேயே ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் மாணவர் இருந்தால், அவருக்கு உரிய ஊதியம் கொடுத்து அவரையே சோதிக்கச் சொல்லலாம்.