கரும்புகை கக்கும் பழைய வேன்: முதலில் பார்க்க வேண்டிய வால்வு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவிலும் நெல்லும் காய்கறியும் பயிராகின்றன. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு செல்லப் பழைய டீசல் வேனை நம்பியிருக்கும் சிறு விவசாயிகள் உண்டு. ஒரகடம் ஆலையில் தயாராகி 2012இல் விற்பனைக்கு வந்த நிசான் இவாலியா, 2013இல் வந்த அசோக் லேலண்டு ஸ்டைல் போன்ற வேன்கள் இப்போது உற்பத்தியில் இல்லை. வயதான டீசல் வேன் எதுவாயினும் கரும்புகை விட்டு இழுவை குறைந்தால், உடனே இன்ஜெக்டரையோ டர்போவையோ மாற்றிப் பெரும் பணத்தைச் செலவிடக் கூடாது. அதற்கு முன் சோதிக்க வேண்டியது புகை மறுசுழற்சி வால்வு. பட்டறைகளில் இதனை இ.ஜி.ஆர். வால்வு என்பார்கள்.

வால்வின் வேலை

எஞ்சினில் டீசல் கடும் வெப்பத்தில் எரியும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் உண்டாகின்றன. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட்டால், ஆக்சிஜன் குறைந்து வெப்பம் தணியும், இவ்வாயுக்களும் குறையும். வாய்க்கால் மடையைப் போலத் திறந்து மூடி, திரும்பும் புகையின் அளவை இந்த வால்வு கட்டுப்படுத்துகிறது.

கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்வதாலும், குறுகிய தூரமே ஓட்டுவதாலும் கரி சேரும். கரியும் எண்ணெய் ஆவியும் கலந்து தார் போலப் படிந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும்.

அறிகுறிகள்

வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால், நின்ற நிலையில் எஞ்சின் குலுங்கும். சில சமயம் அணைந்துவிடும். பாரத்துடன் கிளம்பும்போது கரும்புகை வரும். டீசல் செலவு கூடும். மூடியபடியே நின்றால் இழுவை பெரும்பாலும் குறையாது. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியலாம். ஆகவே மூடி நிற்கும் வால்வு கரும்புகைக்குக் காரணமாகாது.

சோதிக்கும் முறை

1. முதலில் ஏர் ஃபில்டரையும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டும். அடைப்போ வெடிப்போ இருந்தால் அதுவும் கரும்புகைக்குக் காரணமாகும்.

2. பட்டறையில் ஸ்கேனர் பொருத்திப் பார்க்க வேண்டும். பி 0401 என்றால் திரும்பும் புகை குறைவு. பி 0402 என்றால் மிகுதி. பி 0403 என்றால் மின்சுற்றில் பழுது. புகை குறைவு என்று காட்டினால், வால்வு நன்றாக இருந்து அதன் வழி மட்டும் கரியால் அடைத்திருக்கலாம்.

3. எஞ்சின் நன்கு ஆறிய பின், வால்வின் ஒயரும் இணைப்பும் தளர்ந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

4. வால்வைக் கழற்றி, அது முழுவதும் மூடுகிறதா எனக் கவனிக்க வேண்டும். கரியை அதற்கான ஸ்ப்ரே கொண்டு நீக்கலாம். மோட்டார் பகுதி நனையக் கூடாது. புகை வரும் வழியையும் சுத்தம் செய்து, புது கேஸ்கட் வைத்துப் பொருத்த வேண்டும். சில வண்டிகளில் பின்னர் ஸ்கேனர் மூலம் வால்வைச் சீரமைக்க வேண்டியிருக்கும்.

ரேடியேட்டர் தண்ணீர் வெளியே கசியாமலே குறைந்து, வெண்புகையும் வந்தால், திரும்பும் புகையைக் குளிர்விக்கும் கூலரில் ஓட்டை இருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

தகடு வைத்து அடைக்கலாமா?

கூடாது. அது மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு முரணானது. எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கலாம். மேலும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் மற்ற புகை வாயுக்களுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. அந்த ஓசோன் இலைத்துளை வழியே புகுந்து பயிரைத் தாக்கி விளைச்சலைக் குறைக்கும். வண்டிக்கு வைத்த தகடு வயலுக்கும் கேடாக முடியும்.

மேற்கண்டவற்றைச் சரிசெய்த பிறகும் புகை நிற்கவில்லையானால், அதன் பின்னரே இன்ஜெக்டரையும் டர்போவையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.