நுரையீரலுக்கு வியாதி, வயித்துல எதுக்கு ஊசி?

2021 மே மாசம், கொரோனா இரண்டாவது அலை. திருப்பரங்குன்றத்துல இருக்கிற எங்க சித்தப்பாவைத் தோப்பூர் அரசு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். காசநோய்க்காக இருந்த ஆஸ்பத்திரி அது. அந்த மாசம் அங்கே ஆக்சிஜன் வசதியோட 500 படுக்கை போட்டிருந்தாங்க. உள்ளே யாரையும் விட மாட்டாங்க, எல்லாம் போன்லதான். மூணாம் நாள் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "ஏன்டா, மூச்சுதானே திணறுது, வயித்துல எதுக்கு ஊசி போடுறாங்க?"

எனக்குத் தெரியல. "சத்து ஊசியா இருக்கும் சித்தப்பா"ன்னு சொல்லி வச்சேன். தப்பு. அது ஹெப்பாரின் வகை ஊசி, ரத்தம் உறையாம இருக்கப் போடுறது. தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புல போட்டா மருந்து மெதுவா ரத்தத்துல கலக்கும், அதுக்குத்தான் வயிறு. சரி, நுரையீரல் நோய்க்கு அது எதுக்கு?

கையில கீறல் பட்டா ரத்தம் உறையுது. இல்லன்னா நாம பிழைச்சிருக்கவே முடியாது. கடுமையான தொற்றுல நுரையீரலோட காற்றுப் பைகள் வீங்கி, சுவர்ல கசிவு உண்டாகுது. உடம்பு அதையும் ஒரு காயமாத்தான் பார்க்குது. கசிஞ்சு வர்ற திரவத்துல ரத்தத்தை உறைய வைக்கிற புரதமும் இருக்கு. அது ஃபைப்ரின்ங்கிற நாரா மாறி, காற்றுப் பைக்குள்ளேயே வலை பின்னுது. பையோட உள்பக்கம் பிசின் தடவின மாதிரி ஆகிடுது, ஆக்சிஜன் அதைத் தாண்டி ரத்தத்துக்குப் போக முடியல.

வழக்கமா இந்த வலையைக் கரைக்க உடம்புலயே ஏற்பாடு உண்டு. ஆனா நுரையீரல் இப்படிக் காயப்படும்போது அந்த ஏற்பாட்டை முடக்குற ஒரு புரதமும் சேர்ந்தே ஏறிடுது. அதாவது, குப்பை கொட்டுற வண்டி ஓடுது, அள்ளுற வண்டி ஸ்ட்ரைக்.

ரத்தக் குழாய்ப் பக்கமும் இதே கதைதான். கொரோனாவுல இறந்த ஏழு பேரோட நுரையீரலை, ஃப்ளூவுல இறந்த ஏழு பேரோடதோட ஒப்பிட்டு 2020-ல ஒரு ஆய்வு வந்தது. நுண்குழாய்கள்ல இருந்த சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் கொரோனாவுல ஒன்பது மடங்கு அதிகம். காத்து வந்தாலும் அதை எடுத்துட்டுப் போக ரத்தம் வரலன்னா என்ன பிரயோஜனம்?

அப்போ ஹெப்பாரினை நிறையக் கொடுத்துட்டா முடிஞ்சுதே? அப்படித்தான் நிறைய டாக்டர்களும் நினைச்சாங்க. 2021 ஆகஸ்ட்ல பல நாடுகள் சேர்ந்து நடத்தின பெரிய சோதனையோட முடிவு வந்தது. ஐசியு அளவுக்குப் போகாத நோயாளிகள் 2,219 பேர். முழு டோஸ் கொடுத்ததுல, வெண்டிலேட்டர் மாதிரியான உதவி தேவைப்படாம உயிரோட வீடு திரும்பினவங்க நூத்துக்கு 80. வழக்கமான குறைஞ்ச டோஸ்ல 76. ஆனா ஏற்கெனவே ஐசியுவுல இருந்தவங்களுக்கு அதே முழு டோஸால பலன் இல்ல. ரத்தக் கசிவுதான் கொஞ்சம் கூடுச்சு.

எனக்கு இதுல பெரிய விஷயம் இந்த இடம்தான். ஹெப்பாரின் புதுக் கட்டி உருவாகாம தடுக்கும், இருக்கிறது வளராம பார்த்துக்கும். ஏற்கெனவே இறுகிப்போன வலையை அதால கரைக்க முடியாது. ஒரே மருந்து, நேரம் மாறினா பலனும் மாறுது. அன்னைக்கு வாட்ஸப்ல டி-டைமர் ரிப்போர்ட்டை அனுப்பி, "மாத்திரை பேர் சொல்லுங்க"ன்னு கேட்டவங்களை நினைச்சா இப்பவும் பகீர்ங்குது. டி-டைமர்ங்கிறது கட்டி கரையும்போது வர்ற துணுக்கு. வயசானாலும் ஏறும், கர்ப்பத்துலயும் ஏறும், ஆபரேஷனுக்கு அப்புறமும் ஏறும். அந்த ஒரு நம்பரை வச்சு வீட்டுல யாரும் மருந்து ஆரம்பிக்கக் கூடாது.

இப்போ ஆராய்ச்சியில இருக்கிற இன்னொரு வழி, ஹெப்பாரினை நெபுலைசர்ல ஆவியா நேரா நுரையீரலுக்கே கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவுல வெண்டிலேட்டர்ல இருந்த 252 பேர்கிட்ட பார்த்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு உடல் செயல்பாடு எப்படி இருக்குங்கிறதுதான் அவங்க முக்கியமா அளந்தது. அதுல வித்தியாசம் தெரியல. ஆனா நுரையீரல் காயம் முத்துறது குறைஞ்சது, சீக்கிரமா வீட்டுக்கும் போனாங்க. எல்லாருக்கும் கொடுக்கிற சிகிச்சையா அது இன்னும் ஆகல.

சித்தப்பா பிழைச்சு வந்துட்டார். தொப்புளைச் சுத்தி நாவப்பழக் கறை மாதிரி ஊசித் தடம் கொஞ்ச நாள் இருந்தது. "சத்து ஊசின்னு சொன்னியேடா"ன்னு இன்னமும் கேட்பார். இந்த எபிசோடை முதல்ல அவருக்குத்தான் அனுப்பியிருக்கேன்.